பதவிக்கு வரம்பிடும் மரபு

ஒருவர் ஒருமுறை பதவியேற்றால் எத்தனை ஆண்டுகள் அதில் இருக்கலாம் என்பதைக் குறிப்பது பதவிக்காலம். அப்பதவியை அவர் எத்தனை முறை வகிக்கலாம் என்பதைக் குறிப்பது பதவிக்கால வரம்பு. இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். தேர்தல் முறையாக நடைபெறும் நாட்டிலும், பதவியில் இருப்பவருக்கு அரசின் செல்வாக்கு துணைநிற்கிறது. எதிர்த்து நிற்பவருக்கு அத்துணை இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு ஆண்டுதோறும் வளராதபடி காப்பதே வரம்பின் முதன்மை நோக்கம்.

அமெரிக்க அரசியலமைப்பு தொடக்கத்தில் இவ்வரம்பை விதிக்கவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் இருமுறை அதிபராக இருந்து 1797ஆம் ஆண்டில் விலகினார். அவர் காட்டிய வழி நெடுங்காலம் மரபாக நின்றது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940இல் மூன்றாம் முறையும் 1944இல் நான்காம் முறையும் வென்றபோது அம்மரபு முறிந்தது. அதன்பின், எவரும் இருமுறைக்குமேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்னும் 22ஆவது திருத்தம் 1951இல் நடைமுறைக்கு வந்தது.

மலேசிய மாமன்னர் பதவிக்கு அமைந்த முறை வேறு. ஒன்பது மாநிலங்களின் மலாய் ஆட்சியாளர்கள், ஐந்தாண்டுக்கு ஒருவராகச் சுழற்சி முறையில் அப்பொறுப்பை ஏற்கின்றனர். கெடா சுல்தான் அப்துல் ஹலிம் 1970 முதல் 1975 வரை ஐந்தாம் மாமன்னராக இருந்தார். மீண்டும் 2011இல் பதினான்காம் மாமன்னரானார். இடையில் கழிந்தவை 36 ஆண்டுகள். இங்கு வரம்பு, ஆட்சியாளரிடையே சமநிலையைப் பேணுகிறது.

விலகியிருந்து மீளும் இம்முறையைத் தமிழகத்தின் பழைய ஊராட்சியிலும் காண்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றின் உறுப்பினர் 360 நாள் மட்டுமே பணியாற்றினர். அண்மைய மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பில் இருந்தவரின் பெயர் குடத்தில் இடப்படவில்லை. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமே இல்லை. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அவ்வாய்ப்பு இருந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. எனினும் காலவரம்பையும் கணக்கையும் ஒருங்கே வைத்த அச்சபையின் தெளிவு போற்றத்தக்கது.

அனுபவம் மிக்கவரை வரம்பு வெளியேற்றிவிடுகிறது என்பது இதற்கு எதிரான வாதம். அதில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வனுபவம் ஒருவரோடு முடியாமல், அடுத்தவரைப் பழக்கி ஒப்படைக்கப்படுவதற்கு வரம்பே தூண்டுகோலாகிறது. மேலும், எழுதிய வரம்பு தானே நிலைத்துவிடாது. இலங்கையில் அதிபருக்கான இருமுறை வரம்பை 2010இல் 18ஆவது திருத்தம் நீக்கியது. 2015இல் 19ஆவது திருத்தம் அதனை மீட்டது. ஆதலால் ஒரு நாட்டின் சட்டத்தைக் கற்கும் மாணவர், வரம்பு உண்டா என்பதோடு நின்றுவிடாமல், அதனை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது, விலகுபவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.