ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடைபெறும்போது

ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பேச்சே மாறிவிடும். எந்த ஊரில் காலிப் பணியிடம், யாருக்குக் கணவன் – மனைவி முன்னுரிமை, யார் விண்ணப்பிக்கிறார்கள் என்று ஆசிரியர்களின் அலைபேசிகள் ஓயாது. முதலில் ஒன்றியத்துக்குள், பிறகு மாவட்டத்துக்குள், அப்புறம் மாவட்டம் விட்டு மாவட்டம் எனக் கலந்தாய்வு நடக்கும். கல்வித் துறையின் எமிஸ் இணையதளம் வழியாக இடத்தைத் தேர்வு செய்தால் ஆணை கிடைத்துவிடும். சொந்த ஊரைப் பிரிந்து வேலை பார்க்கிறவருக்கு அது பெரும் நிம்மதி. கூட வேலை பார்த்தவருக்கோ சந்தோஷமும் கலக்கமும் ஒருசேர வரும்.

பெரிய பள்ளியில் ஒருவர் போனால், அவரைப் பற்றிப் பேசி மனசை ஆற்றிக்கொள்ளப் பத்துப் பேர் இருப்பார்கள். ஈராசிரியர் பள்ளியில் அதற்கும் ஆள் கிடையாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள். சிற்றூர்ப் பள்ளிகள் பலவும் இந்த வரம்புக்குள்தான் நடக்கின்றன. ஐந்து வகுப்புகள், இரண்டு பேர். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் பொறுப்பு. வருகைப் பதிவு, காலை உணவு, சத்துணவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என எல்லாவற்றையும் அந்த இருவரே பார்க்க வேண்டும். இப்படி ஒருவரையொருவர் நம்பியே ஓட்டிய நாட்களில் வளரும் நட்பு, வீட்டு உறவுக்குக் குறைந்ததில்லை.

எங்கள் ஈராசிரியர் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பெரிய டீச்சர், என்னோடு வேலை பார்த்தவர் சின்ன டீச்சர். இந்த முறை அவருக்குச் சொந்த மாவட்டம் கிடைத்துவிட்டது. வயதான பெற்றோரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் தவிப்பு.

“கிடைச்சிருச்சு டீச்சர்… ஆனா நம்ம பிள்ளைங்கள நெனச்சாத்தான்…” என்று இழுத்தார்.

“அம்மா அப்பாவ நல்லா பாத்துக்கோங்க டீச்சர். பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்” என்றேன். மேற்கொண்டு பேச இருவருக்குமே வரவில்லை.

பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் பதிவேடுகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. வருகைப் பதிவேடு, தளவாடப் பொருள் பதிவேடு, பீரோச் சாவி எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்தாயிற்று. அதன்பிறகுதான் அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். பக்கத்துக்கு ஒரு பிள்ளை.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். பாட்டியிடம் இருக்கிறான், திங்கட்கிழமைகளில் முகம் வாடியிருக்கும், அன்றைக்கு அவனை முதலில் வாசிக்கச் சொல்ல வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள். முன்வரிசையில் உட்கார வைக்கணும், கண் பரிசோதனைக்குப் பெயர் கொடுக்கணும். இன்னொருவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் எத்தனை முறை சொன்னாலும் பிடிபடாது. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியில் ஒரு கட்டைப் பிரித்து அவன் கையில் கொடுத்தால் உடனே போட்டுவிடுவான். இப்படி ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிள்ளையைக் கூர்ந்து கவனித்த உழைப்பு. அரசு கேட்கும் எந்தப் பதிவேட்டிலும் இதற்குக் கட்டம் இல்லை.

விடைபெறுகிறவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், நினைவுப் பரிசு கொடுக்கிறோம், குழுப்படம் எடுக்கிறோம். வேன் பிடித்துப் புதுப் பள்ளிவரைக்கும் கொண்டுபோய் விட்டு வருகிறவர்களும் உண்டு. எல்லாமே அன்பின் அடையாளங்கள்தான், வேண்டியவைதான். ஆனால் விழா மேடையில் “சிறப்பாகப் பணியாற்றினார்” என்று சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. அவரிடமிருந்து நாம் எதைக் கற்றுக்கொண்டோம் என்பதை அவரிடமே, அவர் கிளம்புமுன், பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன்: “அழுகிற பிள்ளைகிட்ட ஏன்னு கேக்காம, பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்கு வேலையப் பாப்பீங்க. கொஞ்ச நேரத்துல அதுவாவே பேச ஆரம்பிச்சிரும். அது உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் டீச்சர்.” தான் செய்தது இன்னொருவரின் வேலையாகவும் ஆகிவிட்டது என்று தெரிவதைவிட ஓர் ஆசிரியருக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்?

கல்வித் துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஈராசிரியர் பள்ளிகளிலாவது, மாறுதலில் போகிறவரும் புதிதாக வருகிறவரும் ஓரிரு நாட்கள் ஒரே வகுப்பறையில் சேர்ந்திருக்க வழி செய்யுங்கள். போகிறவர் பிள்ளைகளின் தோளில் கைவைத்து, “இவன் இப்படி, இவள் இப்படி” என்று அறிமுகப்படுத்தட்டும். பீரோச் சாவியை எண்ணி ஒப்படைக்க விதி இருக்கிறது. பிள்ளைகளை அறிந்த அறிவை ஒப்படைக்கவும் ஒரு விதி வேண்டும்.