தீவின் விளக்கைத் தீவினரே காக்கின்றனர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எக் என்னும் சிறு தீவு இருக்கிறது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ நூறு பேர். பெருநிலத்திலிருந்து மின்கம்பி அங்கு வருவதில்லை. முன்பு வீட்டுக்கு வீடு டீசல் இயந்திரம் ஓடியது. இரைச்சலும் எண்ணெய்ச் செலவும் அவரவர் தலையில் விழுந்தன.

1997-இல் அத்தீவு மக்கள் ஓர் அறநிறுவனத்தின் வழியாகத் தீவைப் பொது உடைமையாக்கிக் கொண்டனர். 2008 பிப்ரவரி முதல் தேதியன்று சொந்த மின்நிறுவனத்தையும் தொடங்கினர். ஓடை நீரும் காற்றும் கதிரவனும் மின்சாரம் தருகின்றன. இவை போதாத வேளையில் டீசல் இயந்திரம் துணை நிற்கிறது. ஒரு வீடு ஒரே சமயத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் பயன்படுத்தலாகாது என்பது அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட விதி.

எனினும் நாம் இங்கே போற்ற விரும்புவது இயந்திரங்களையன்று. தீவினர் சிலருக்கே பயிற்சி அளித்து, பராமரிப்பு வேலையை அவர்களிடம் ஒப்படைத்தார்களே, அந்த முன்யோசனையைத்தான். கடல் கொந்தளித்தால் படகு வராது; படகு வராவிடில் வெளியூர் மெக்கானிக்கும் வரமாட்டார். விளக்கு அணைந்தால் ஏற்றுவதற்கு ஊரிலேயே ஆள் வேண்டும்.

கடல் குறுக்கிடாத நம் ஊர்களில் நிலைமை என்ன? நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த ஒரு சங்கத்தில் சூரிய சக்திப் பம்பு இருபது நாள் நின்றுபோயிருந்தது. கத்தரிப் பாத்திகள் வாடிக் கிடந்தன. முடிவில் வந்த பணியாளர் தளர்ந்திருந்த ஓர் இணைப்பை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். பம்பு வாங்கப் பணம் ஒதுக்கிய சங்கம், அதை அறிந்த ஓர் ஆளை உருவாக்கப் பணம் ஒதுக்கவில்லை.

பயிற்சியின்றிக் கைவைப்பதும் தவறு. வெயில் படும் வரை சூரியத் தகடுகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வீட்டு விளக்கைப் போல் அதை அணைத்துவிட முடியாது. உத்தரவாதக் காலத்தில் கருவியைத் தாமே பிரித்தால் அவ்வுரிமையும் போகலாம். ஆகவே இயந்திரம் வாங்கும் ஒப்பந்தத்திலேயே பயிற்சியையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தல் நலம். ஒருவர் வேலை தேடி வெளியூர் சென்றாலும் காரியம் கெடாதபடி, அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து இருவரையோ மூவரையோ தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் உழைப்புக்கு உரிய ஊதியமும் தர வேண்டும்.

தறி ஓட்டத் தெரியாதவரிடம் நாம் தறியை ஒப்படைப்பதில்லை. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.