பெட்டிக்குள்ளே ஒரு கிடார்!

உங்க தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியைக் கடைசியா எப்போ திறந்தீங்க? 'அதுல என்ன சார் இருக்கு, பழைய பட்டாவும் பாச்சா உருண்டையும்தான்'னு சொல்றீங்களா? கொஞ்சம் பொறுங்க!

இரண்டாம் உலகப் போர் காலத்து கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்திருக்கீங்களா? தரையில் வரிசையாகச் சிப்பாய்கள். நடுவில் ஒருத்தர் கிடாரை மடியில் படுக்கப் போட்டு, இடது கையில் இரும்புத் துண்டோடு உட்கார்ந்திருப்பார். அதுதான் ஸ்டீல் கிடார். கிடார் மரம்தான். தந்தி மேல் வழுக்கிக்கொண்டு ஓடுற அந்த இரும்புதான் 'ஸ்டீல்'! நம்ம ஊர் கோட்டுவாத்தியமும் இதே டெக்னிக்தான்.

ஹவாய் தீவில் ஜோசப் கெகுகு என்ற ஸ்கூல் பையன் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வாசிப்பைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அழுவது போலவும் தாலாட்டுவது போலவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். வீட்டை விட்டு வந்த சிப்பாய்க்கு வேறென்ன வேணும்?

இந்தியாவில் இந்த இசைக்குத் தலைநகரம் கல்கத்தா. பர்மா போர்முனைக்குப் பக்கம் என்பதால் 1940-களில் அந்த ஊர் முழுக்க நேச நாட்டுச் சிப்பாய்கள். அங்கே கிராண்ட் ஹோட்டலில் வாசித்தவர் டாவ் மோ. சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர். கூடவே பாட மனைவி ரோஸ். கார்னி நிஸ் என்ற ஆங்கிலோ இந்தியரும் 'அலோஹா பாய்ஸ்' என்று குழு அமைத்துக் கலக்கினார். போர் முடிந்தது, சிப்பாய்கள் கிளம்பினார்கள். கிடார் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது! பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். 'மோகன வீணை' விஸ்வமோகன் பட் 1994-ல் கிராமி விருதே வாங்கினார்.

'சரி, வேலூர், ஆம்பூர்க்காரங்களுக்கு இதுல என்ன?' இருக்கே! முதல் உலகப் போரில் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல், பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு 'அப்பர்' தைக்கக் கப்பல் கப்பலாகப் போனது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல்! அந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள்தான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. தோல் மட்டுமா போச்சு? ஆளும்தான். வேலூர் பக்கத்து கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை'ன்னே பேர். தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அந்தப் படங்களில் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிப்பாய்களில் ஒருத்தர் உங்க கொள்ளுத் தாத்தாவாகவும் இருக்கலாம். ஆனா படத்தைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் பின்பக்கம் காலி! பேர் இல்லை, ஊர் இல்லை, வருஷம் இல்லை.

பேர் தெரிந்தால் என்ன ஆகும்? அமெரிக்க கிடார் கலைஞர் பாப் பிராஸ்மனுக்கு 1980-களில் ஒரு கடிதம் வந்தது. அவருடைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு ஒரு பெரியவர் எழுதியிருந்தார். கையெழுத்தைப் பார்த்தால்... டாவ் மோ! பிராஸ்மன் பொக்கிஷமாகச் சேர்த்து வைத்திருந்த 1929-ம் வருஷத்துப் பழைய ரெக்கார்டில் வாசித்தவரே அவர்தான். விளைவு, 1989-ல் அந்தக் குடும்பமும் பிராஸ்மனும் சேர்ந்து போட்ட ஆல்பம். ஒரு பேரை அடையாளம் தெரிந்ததால், அறுபது வருஷம் கழித்து ஒரு இசை திரும்பி வந்தது!

அதனால இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. பெட்டியைத் திறங்க. பாட்டி பக்கத்துல உட்காருங்க. 'இது யாரு? இது எந்த ஊரு?'ன்னு கேளுங்க. சொல்றதைச் செல்போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. படத்துக்குப் பின்னாடி மென்மையான பென்சிலால லேசா எழுதுங்க. பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம், முன்பக்கம் தடம் விழுந்துடும். ஆல்பத்துல ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீங்க, அப்படியே ஒரு கிளிக் எடுத்துக்குங்க.

செமஸ்டர் எக்ஸாமுக்கு அரியர் எழுதலாம். பாட்டி ஞாபகத்துக்கு அரியர் கிடையாது பாஸ்!