பெரியவங்க திடீர்னு பிதற்றினால் என்ன செய்யணும்?



நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மாமியார் இன்று சாயங்காலம் ஆனதும் ஆள் தெரியாமல் பேசுகிறார். செத்துப்போன தம்பி வாசலில் நிற்கிறான் என்கிறார். "மருமக என் கம்மலை எடுத்துட்டா" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். காலையில் தெளிவாக இருக்கிறார், ராத்திரி மறுபடி ஆரம்பிக்கிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? "வயசாயிட்டு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அல்லது காற்று சேட்டை என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறோம். சில வீடுகளில் மாமியார் மருமகள் சண்டையாகவே முடிகிறது.

சகோதரிகளே, இது பேயும் இல்லை, வேண்டுமென்று போடும் பழியும் இல்லை. உடம்பில் ஏற்பட்ட ஒரு கோளாறு மூளையைப் பாதிப்பதால் வரும் திடீர் மனக்குழப்பம். டாக்டர்கள் இதை டெலிரியம் என்பார்கள். காரணத்தைக் கண்டுபிடித்து வைத்தியம் செய்தால் பலருக்கும் சரியாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறதி நோய் வேறு, இது வேறு

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக வரும். இந்தக் குழப்பம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். ஏறும், இறங்கும். எல்லோரும் கத்திக் கூப்பாடு போடுவதில்லை. சிலர் பேசாமல், சாப்பிடாமல், தூங்கி வழிந்துகொண்டே கிடப்பார்கள். "பாட்டி அசதியில தூங்குறாங்க" என்று நாம் கவனிக்காமல் விடுவது இவர்களைத்தான்.

எதனால் வருகிறது?

• சிறுநீரில் பூச்சி, சளிக்காய்ச்சல் போன்ற தொற்று
• தண்ணீர் குடிக்காமல் இருப்பது, உடம்பில் உப்புச்சத்து குறைவது
• சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது
• தூக்க மாத்திரை, சில சளி மாத்திரைகள்
• மலச்சிக்கல், சிறுநீர் கட்டுவது
• எலும்பு முறிவு, ஆபரேஷன்

வைட்டமின் டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வைட்டமின் டி என்பது வெயில் பட்டால் நம் தோலே தயாரிக்கும் சத்து. பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களைக் கவனித்து 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்தச் சத்து குறைவாக இருந்த முதியவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாக வந்தது தெரிந்தது. ஆனால் மாத்திரை கொடுத்தால் குழப்பம் வராமல் தடுக்கலாம் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியிலும் தொடர்பு உண்டு. இந்தச் சத்து மிகவும் குறைந்தால் தசையும் எலும்பும் பலம் இழக்கும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். ஆபரேஷன் முடிந்து வார்டில் கிடக்கும்போது பெரியவர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது.

நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

நியாயமான கேள்விதான். ஆனால் வேலூர்ப் பக்கம் மாதவிலக்கு நின்ற பெண்களிடம் நடத்தி 2008-ல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். அண்டி ஆபீசில் காலை முதல் மாலை வரை கூரைக்குள் இருப்பவர், மழைக்காலம் முழுக்கத் திண்ணையை விட்டு இறங்காத பாட்டி, இவர்களுக்கு வெயில் எங்கே படுகிறது? வயதான தோல் இந்தச் சத்தைத் தயாரிப்பதும் குறைவு.

இளவெயில்தான் நல்லது என்று சொல்வோம். திருப்பதியில் நடந்த ஆய்வுப்படி, காலை 11 மணி முதல் 2 மணி வரை உள்ள வெயிலில்தான் இந்தச் சத்து நன்றாக உண்டாகிறது. அதற்காகப் பெரியவர்களை உச்சி வெயிலில் நெடுநேரம் உட்கார வைக்கக் கூடாது. உடம்பில் நீர் வற்றினாலும் குழப்பம் வரும். 15, 20 நிமிடம் கை கால்களில் வெயில் பட்டால் போதும், பிறகு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். சித்திரை, வைகாசிச் சூட்டிலும் உடம்பு சரியில்லாதபோதும் வேண்டாம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் பலன் இல்லை.

சாளை, அயிலை மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இந்தச் சத்து உண்டு. நமக்குக் கிடைக்கிற மீன்தானே. பெரியவர்கள் தட்டிலும் ஒரு துண்டு வையுங்கள்.

மாத்திரையை நாமே வாங்கலாமா?

வேண்டாம். 60,000 யூனிட் மாத்திரையை வழக்கமாக வாரம் ஒன்று என்றுதான் டாக்டர் எழுதுவார், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். அதைத் தினமும் போட்டால் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறும். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரும், மனக்குழப்பமே கூட வரும். ஸ்ரீநகரில் அளவு மீறி இந்தச் சத்தை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 10 பேரைப் பற்றி 2011-ல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் நினைவு தடுமாறி வந்தவர்களும் உண்டு. ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சீட்டும் இல்லாமல் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.

குழப்பம் வந்துவிட்டால்

1. அன்றைக்கே தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு போங்கள். 108-ஐக் கூப்பிடலாம்.
2. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.
3. "நேற்று வரை இப்படி இல்லை" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.
4. கட்டிப் போடாதீர்கள், எதிர்த்து வாதாடாதீர்கள். பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கொடுங்கள், ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும்.
5. நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள்.

குழு என்ன செய்யலாம்?

ஆஸ்பத்திரிச் செலவுக்கான உள்கடனுக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வைக்காமல், ஊக்குநரும் பிரதிநிதிகளும் உடனே கொடுக்க இந்த மாதமே ஒரு தீர்மானம் எழுதி வையுங்கள். உறுப்பினர் வீடுகளில் 60 வயது தாண்டியவர்கள் யார் யார், விழுந்தவர்கள் யார், வெளியே இறங்காதவர்கள் யார் என்று பட்டியல் எடுத்து கிராம சுகாதார செவிலியரிடம் கொடுங்கள்.

பழி சுமக்கும் மருமகளுக்கும் இந்தச் செய்தி தேவை. கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.