உயிர்க்காவல் – 11: கட்டுவிரியனும் வெண்டிலேட்டரும்

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிப்பதில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் எறும்போ கொசுவோ என்று புரண்டு படுத்துவிடுவார். விடியற்காலையில் வயிற்றைப் பிசையும், வாந்தி வரும். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். பிறகுதான் இமை செருகும், நாக்கு குழறும், எச்சில் விழுங்க முடியாது. மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு மேலோட்டமாகிவிடலாம். கடிவாயைத் தேடினாலும் பல சமயம் அகப்படாது. எந்தப் பாம்பு என்பது இருக்கட்டும், பாம்புதானா என்பதையே மருத்துவர் ஊகிக்க வேண்டும்.

வெண்டிலேட்டர் யாருக்கெல்லாம் வேண்டாம் என்று சென்ற வாரம் பேசினோம். இவருக்கு அதுதான் முதல் மருந்து.

நல்ல பாம்பின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் நரம்பு தசையைத் தொடும் இடத்தில்தான் வேலை காட்டுகின்றன. ஆனால் ஒன்றல்ல. நல்ல பாம்பின் விஷம் தசைப் பக்கத்து ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் கொடுத்தால் பலருக்கு அரை மணி நேரத்தில் இமை உயரும். கட்டுவிரியனின் பீட்டா பங்கரோடாக்சினோ நரம்பு முனையையே சிதைக்கிறது. ஏஎஸ்வி எனப்படும் விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். சிதைந்த முனையைக் கட்டித் தராது. அது தானாகத் துளிர்க்க நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அதுவரை எந்திரம் மூச்சுவிட வேண்டும்.

இதில் ஒரு பயங்கரம் உண்டு. கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல், கிள்ளினாலும் சலனமின்றி கிடப்பார். மூளைச்சாவு என்றே தோன்றும். ஆனால் மூளை விழித்திருக்கலாம். கட்டிலருகே பேசுவதெல்லாம் காதில் விழலாம். பிழைத்து எழுந்தவர்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுவிரியன் சந்தேகம் இருக்கும்வரை மூளைச்சாவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று தீவிர சிகிச்சை மருத்துவர்கள் வலியுறுத்துவது அதனால்தான்.

ஏஎஸ்வி செய்யத் தேவையான விஷம் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையிலிருந்துதான் பெருமளவு போகிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு போன இருளர் பழங்குடியினர் உயிரோடு பாம்பு பிடித்து, மண்பானையில் வைத்து, விஷம் எடுத்துக் காட்டில் விட்டார்கள். 2023-இல் இந்த இருளர்களில் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ வந்தது. கொஞ்சம் தாமதம்தான்.

அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரை ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் ஏஎஸ்வி. ஒரு குப்பி 10 மில்லி. கண்ணாடி விரியன் விஷம் என்றால் சுமார் 6 மில்லிகிராமை முறிக்கும். அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் இறக்கும் என்பது கணக்கு. முதலிலேயே 8 முதல் 10 குப்பி ஏற்றுவது இதை வைத்துத்தான்.

குதிரைப் புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பும். இந்திய மருந்தையே நம்பியிருக்கும் இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. மருந்துக்கு முன் தோலடியில் சிறிதளவு அட்ரினலின் போட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்விளைவு 43 சதவீதம் குறைந்தது. செலவில்லாத தீர்வு, பெரிய கண்டுபிடிப்புகளைவிட எனக்கு இதன்மேல்தான் மதிப்பு அதிகம்.

ஒரு கரையின் விஷத்தில் செய்த மருந்து நாடு முழுக்கச் செல்லுபடியாகுமா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவின் ஆய்வுகள், ஒரே இனப் பாம்பின் விஷம்கூட வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது, சில இடங்களில் ஏஎஸ்வி சரியாக முறிக்கவில்லை என்று காட்டின. இதே குழு அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வகத்தோடு சேர்ந்து, குதிரையே தேவைப்படாத 95மேட்5 என்ற செயற்கை எதிர்ப்பொருளை 2024-இல் அறிவித்தது. எலிகளை அது காப்பாற்றியது. ஆனால் நல்ல பாம்பு வகை விஷத்தில் உள்ள ஒரு பிரிவு நச்சை மட்டுமே குறிவைக்கிறது. பீட்டா பங்கரோடாக்சின் அதன் கைக்கு எட்டாது. வரெஸ்பிளாடிப் என்ற வாய்வழி மருந்து இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. ஒட்டுமொத்தமாக எதிர்பார்த்த பலன் தெரியவில்லை, சீக்கிரம் பெற்றவர்களிடம் நல்ல அறிகுறி இருந்தது. கடிபட்டதே தெரியாதவருக்குச் சீக்கிரம் கொடுப்பது எப்படி?

இதெல்லாம் ஐசியூ வரை வந்தவர்களின் கதை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக மதிப்பீடு. மருத்துவமனைப் பதிவேட்டை நம்பாமல் வீடு வீடாக விசாரித்துப் பெற்ற எண் இது. அதே முறையில் நடந்த முந்தைய ஆய்வில், இறந்த நால்வரில் மூவர் மருத்துவமனைக்கு வெளியே இறந்திருந்தார்கள். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனையும் இனி கணக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம்: இதே அட்ரோபின், பூச்சிமருந்து விஷத்துக்கு.