சிப் இல்லாத கம்ப்யூட்டர் சுமந்த நீர்மூழ்கிக் கப்பல்

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். இவை எதுவும் இல்லாத ஒரு கம்ப்யூட்டர், இரண்டாம் உலகப் போரிலேயே கடலுக்கடியில் பயணம் செய்திருக்கிறது. அதைச் சுமந்தது யு.எஸ்.எஸ். பம்பானிடோ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்.

டீசலும் பேட்டரியும்

சுமார் 95 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல், 1943 நவம்பர் 6-ல் கடற்படையில் சேர்ந்தது. நீர்மட்டத்தில் நான்கு டீசல் இன்ஜின்கள் ஜெனரேட்டர்களை ஓட்டும். மூழ்கியதும் டீசலுக்குக் காற்று கிடைக்காது. அப்போது 252 செல்கள் கொண்ட பேட்டரிகளே மோட்டார்களை இயக்கும். சார்ஜ் தீர்வதற்குள் மேலே வந்தாக வேண்டும். யு.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்.

டி.டி.சி. செய்த வேலை

டார்பிடோவை எதிரிக் கப்பல் இப்போது இருக்கும் இடத்துக்கு அனுப்பிப் பயனில்லை. அது போய்ச் சேரும்போது கப்பல் எங்கே இருக்கும் என்று கணக்கிட வேண்டும். இதற்குத்தான் டார்பிடோ டேட்டா கம்ப்யூட்டர். உள்ளே பற்சக்கரங்களும் சிறு மோட்டார்களும்தான். எதிரியின் தூரம், வேகம், திசை ஆகியவற்றைக் கைப்பிடிகளைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதுவே இன்புட். திரும்ப வேண்டிய கோணம் டார்பிடோவுக்குச் சென்று சேரும். அதுவே அவுட்புட்.

1944 செப்டம்பர்

செப்டம்பர் 12-ல் ஜப்பானியக் கப்பல் வரிசை ஒன்றைப் பம்பானிடோவும் சீலயன் என்ற மற்றொரு நீர்மூழ்கியும் தாக்கின. பம்பானிடோ மூழ்கடித்த கச்சிடோகி மாருவில் 900 போர்க் கைதிகள் இருந்தார்கள். சீலயன் மூழ்கடித்த ரக்குயோ மாருவில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள். எல்லாரும் நேச நாட்டு வீரர்கள். சயாம் மரண ரயில் பாதையில், மலேயாத் தமிழர்கள் ஏராளமாக மாண்ட அதே பாதையில், வேலை வாங்கப்பட்டவர்கள். கைதிகள் இருப்பதற்கான அடையாளம் எதுவும் அந்தக் கப்பல்களில் இல்லை.

மூன்று நாள் கழித்து அதே பகுதிக்கு வந்த பம்பானிடோ, எண்ணெய் படிந்த உடலோடு மிதந்தவர்களைக் கண்டது. 73 பேரை மீட்டது.

இன்று

1971-ல் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பம்பானிடோ, 1982 முதல் சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் டி.டி.சி.யையும் பழுது பார்த்து மீண்டும் இயங்க வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கருவி கணக்கில் தவறவில்லை. கப்பலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க அதில் கைப்பிடி இல்லை, அவ்வளவுதான். உங்கள் மேஜை மீதுள்ள கம்ப்யூட்டரும் அப்படித்தான். நீங்கள் கொடுத்ததை மட்டுமே கணக்கிடும். திரையில் விடை வந்ததும், எதைக் கொடுக்காமல் விட்டோம் என்று ஒருமுறை யோசியுங்கள்.