பெற்றோரின் வீடு சாமான்களால் நிறைந்துவிட்டால் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

பழைய பத்திரிகைகள், வெறும் ஐஸ்கிறீம் பெட்டிகள், கழுவிக் காயவைத்த சொப்பிங் பைகள், பிரிக்கப்படாத உடுப்புப் பொதிகள். இவை நாளடைவில் சேர்ந்து, கட்டிலில் படுக்கவும் குசினியில் சமைக்கவும் இடமில்லாமற் போன வீடுகள் எமது சமூகத்திலும் உண்டு. வெளியே சொன்னால் வெட்கம் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். விருந்தினர் வருவதும் நின்றுவிடும். அம்மாவோ அப்பாவோ இடறி விழுந்து அம்புலன்ஸ் வரும்போதுதான், அவரைத் தூக்கிச் செல்ல வழியில்லை என்பது தெரியவரும்.

சிக்கனமா? நோயா?

பொருட்களைப் பத்திரப்படுத்துவது எல்லாம் நோயல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு, ஒரு ஜாம் போத்தல் என்பது இரவில் பிள்ளைகள் படிப்பதற்கான விளக்கு. சவர்க்காரமும் பற்றரியும் கிடைக்காத காலம் அது. 1995 ஒக்ரோபரில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் எம்மிடையே பலர். அப்படிப்பட்ட ஒருவர் நல்ல போத்தலை எறியத் தயங்குவது இயல்பு.

ஆனால், பயனற்ற பொருளையும் பிரிய முடியாமல் மனம் தவிப்பதும், அதனால் அறைகளைப் பாவிக்க முடியாமற் போவதும் ஒரு மனநலக் கோளாறு. ஆங்கிலத்தில் ‘ஹோடிங்’ என்பார்கள். இதனை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தனியான நோயாக வகைப்படுத்தியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 100 பேரில் இருவர் அல்லது மூவருக்கு இது இருக்கலாம். பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கி, வயது ஏற ஏறக் கூடும். பொருட்தட்டுப்பாடு மட்டும் இந்நோயை உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இழப்பும் மன அதிர்ச்சியும் இதனுடன் தொடர்புபட்டிருப்பதையே அவை காட்டுகின்றன. எனவே இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ ஏசுவதில் பயனில்லை.

ஏன் கவலைப்பட வேண்டும்?

விழுதல், பூச்சி, எலி, தூசியினால் வரும் மூச்சுத்திணறல் என்பன ஒருபுறம். பெரிய ஆபத்து தீ. மெல்பேர்ண் தீயணைப்புப் படையினரின் பத்து ஆண்டுத் தரவுகளை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. வீட்டுத் தீவிபத்துகளில் இத்தகைய வீடுகளில் நடந்தவை நூற்றுக்கு ஒன்றிலும் மிகக் குறைவு. ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இவ்வீடுகளில்தான் நிகழ்ந்திருந்தது.

ஒரே நாளில் காலி செய்யலாமா?

வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் (விபரங்களை மாற்றியுள்ளேன்), தாயார் ஊருக்குப் போயிருந்த மூன்று கிழமைக்குள் பிள்ளைகள் இரண்டு ஸ்கிப் தொட்டிகளை நிரப்பி அனுப்பினார்கள். வீடு பளிச்சென்று இருந்தது. திரும்பி வந்த தாயார் ஒரேயொரு பிஸ்கற் ரின்னைத்தான் தேடினார். போரில் இறந்த மூத்த மகனின் பாடசாலை அடையாள அட்டை அதற்குள் இருந்தது. அதன்பின் பல மாதங்கள் அவர் மகளுக்குக் கதவு திறக்கவில்லை. ஒரு வருடத்தில் வீடு பழையபடி நிறைந்தது.

பிள்ளைகள் நல்ல எண்ணத்துடன்தான் செய்தார்கள். ஆனாலும் கேளாமல் எறிவது நோயைக் குணப்படுத்தாது. நம்பிக்கை போய்விட்டால் பிறகு உதவி செய்யவும் வழியில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவு சாமானுக்கு உரியவரிடமே இருக்கவேண்டும்.

எப்படித் தொடங்குவது?

1. அவருடைய சாமான்களைக் ‘குப்பை’ என்று சொல்லாதீர்கள். “அம்மா, நீங்கள் இரவில் எழும்பிப் போகேக்க விழுந்துபோடுவியள் எண்டு பயமாயிருக்கு” என்று கதையைத் தொடங்குங்கள்.

2. முதலில் பாதுகாப்பு, பிறகுதான் அழகு. கட்டிலிலிருந்து கழிவறைக்கும் வாசலுக்கும் வழி வேண்டும். ஹீற்றரைச் சுற்றி ஒரு மீற்றருக்குள் எதுவும் இருக்கக்கூடாது. அடுப்பின் மேல் பேப்பர், துணி வைக்கக்கூடாது. ஸ்மோக் அலாமை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பத்து வருடமானால் மாற்றுங்கள்.

3. ஒரு தடவைக்கு ஒரு தட்டு அல்லது ஒரு பெட்டி, அரைமணி நேரம் போதும். கிழமைக்கு இரண்டு தடவை தவறாமல் செய்வது, மாதத்தில் ஒருநாள் முறிந்து முறிந்து செய்வதைவிட நல்லது. நினைவுப் பொருட்களில் தொடங்காதீர்கள். காலாவதியான உணவு, பழைய விளம்பரத் தாள்களில் தொடங்குங்கள்.

4. வைத்திருப்பது, கொடுப்பது, எறிவது என மூன்று பிரிவுகள் போதும். ‘ஊருக்கு அனுப்பலாம்’ என்று நான்காவது குவியல் உருவாகும். அதற்கு ஒரு பெட்டியையும் அனுப்பும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. பத்திரிகைக் கட்டுகளைப் பார்க்காமல் எறியாதீர்கள். காணி உறுதி, பிறப்பு மரணச் சான்றிதழ்கள், நகை, காசு, ஒரேயொரு பிரதியான படங்கள் அவற்றுக்குள் இருக்கலாம்.

6. பழைய குளிசைகளைக் குப்பைத்தொட்டியில் போடவேண்டாம். அவுஸ்திரேலியாவில் எந்தப் பாமசியிலும் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

7. உள்ளே வருவதைக் குறையுங்கள். ஒரு பொருள் வந்தால் ஒரு பொருள் போகவேண்டும் என்று அவரோடு பேசி உடன்படுங்கள்.

8. சொந்தப் பிள்ளையே முன்னுக்கு நில்லுங்கள். மருமகளையோ மருமகனையோ எறிகின்றவராக ஆக்காதீர்கள். வேறு நாட்டிலுள்ள சகோதரர்கள் தொலைபேசியில் தாயை ஏசாமல், ஒரே கருத்தோடு ஆதரவாகப் பேசவேண்டும்.

வைத்தியரிடம் எப்போது?

முன்பு ஒழுங்காக இருந்த ஒருவர் அறுபது, எழுபது வயதுக்குப்பின் திடீரென இப்படி மாறினால் தாமதிக்காதீர்கள். மறதிநோய், மூளையின் முன்பகுதிப் பாதிப்பு, மனச்சோர்வு என்பன காரணமாக இருக்கலாம். மூட்டுவலியும் கண்பார்வைக் குறைவும்கூட வீட்டைக் குலைக்கும். அழுகிய உணவு, பாவிக்க முடியாத கழிவறை, சாப்பிடாமல் மெலிதல் என்பனவும் அவசர அறிகுறிகள்.

இந்நோய்க்கு நன்கு ஆராயப்பட்ட சிகிச்சை, சிந்தனையையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சையாகும். பலன் மெதுவாகவே தெரியும். உங்கள் குடும்ப வைத்தியர் மனநல சிகிச்சைத் திட்டம் ஒன்றை எழுதினால், வருடத்தில் 10 தடவைகள் வரை உளவியலாளரிடம் செல்ல மெடிகெயர் கட்டணத்தின் ஒரு பகுதியைத் தரும். 65 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டு உதவிக்கு ‘மை ஏஜ்ட் கெயர்’ (1800 200 422) இலக்கத்தை அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் 131 450.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்திருங்கள். அந்த வீடு உங்கள் வீடுபோல் ஒருநாளும் ஆகாமல் இருக்கலாம். பெற்றோர் விழாமல் நடக்கவும், தன் கட்டிலில் படுக்கவும், பேரப்பிள்ளைகளை உள்ளே கூப்பிடவும் முடிந்தால் அதுவே பெரிய வெற்றி. வருகிற சனிக்கிழமை அவருடைய அனுமதியைக் கேட்டு, கட்டிலிலிருந்து கழிவறை வரையுள்ள வழியை மட்டும் அவருடன் சேர்ந்து ஒதுக்குங்கள். மிச்சத்தை அடுத்த கிழமை பார்க்கலாம்.

(இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்கு மட்டுமே. உங்கள் குடும்பத்துக்குரிய ஆலோசனையை உங்கள் வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளவும்.)